பீஸ் போகாத காலை

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு ரங்கம்மாள் வந்து காசிநாதன் வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்றாள். உள்ளே வரச் சொன்னதற்கும் வரவில்லை. கல்வராயன் மலையிலிருந்து வேலைக்கு இறங்கி வந்த ஜனங்கள் அப்படித்தான். கூப்பிட்டவுடன் யார் வீட்டுக்குள்ளும் நுழைய மாட்டார்கள். நுழைந்து திட்டு வாங்கிய பழக்கம்.

காசிநாதன் தானே எழுந்து கேட்டுக்கு வந்தார். மின்வாரியத்தில் முப்பத்தொரு வருஷம் கம்பம் ஏறி, வயர்மேனாகவே ஓய்வு வாங்கியவர். பெரிய படிப்பெல்லாம் இல்லை. ஆனால் கள்ளக்குறிச்சி சுற்றுவட்டாரத்தில் கரண்டு அடித்து யாராவது செத்தால், போலீசு என்ன சொன்னாலும் ஜனங்கள் அவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவார்கள். அவர் யார் சொல்வதையும் பாதிக்கு மேல் நம்ப மாட்டார். அதனால்தான் அவரைக் கேட்டார்கள்.

"எங்கூட்டுக்காரரு ஒரு பொம்பளய சாவடிச்சிட்டாருன்னு புட்ச்சிக்கினு போய்ட்டாங்கய்யா. பன்னெண்டு மணிக்கு கோர்ட்டுக்குக் கொண்டு போறாங்களாம்."

"உன் வூட்டுக்காரர் பேரு?"

"வேடியப்பன். சின்னசேலம் ரோட்ல தங்கதுரை சேகோ மில்லுல மிசினு போடறவரு."

அவள் அழுதுகொண்டே சொன்னதன் சாரம் இதுதான். மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்கிற அந்த மில்லில், நேற்று வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குச் சாலம்மாள் என்கிற கூலிக்காரி கரண்டு அடித்துச் செத்துப்போனாள். அரவை மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற இரும்புப் பெட்டியைத் தொட்டபோது அடித்தது. அதற்குக் கால்மணி நேரம் முன்னால் வேடியப்பன் ஹோஸ் பைப்பால் தரையைக் கழுவினான். பெட்டிமேல் தண்ணீர் தெறித்தது. அதனால்தான் செத்தாள் என்று முதலாளி தங்கதுரை போலீசில் சொன்னார்.

"உன் புருசன் இன்னா சொல்றான்?"

ரங்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அவரும் அதான் சொல்றாரு. நாந்தான் சாவடிச்சேன், தண்ணி பட்டதைக் கண்ணால பாத்தேன்னு சொல்லிக்கினே கீறாரு."

பக்கத்தில் நின்ற கொளஞ்சியப்பன் உச்சுக்கொட்டினான். காசிநாதனின் மனைவிக்குத் தம்பி. ஐம்பது வயசு. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். இந்த மாதிரி விவகாரம் என்றால் சவாரியை நடுரோட்டில் இறக்கிவிட்டு வந்துவிடுவான். இதுவரை பத்துத் தடவை குற்றவாளியைக் கண்டுபிடித்திருக்கிறான். பத்துத் தடவையும் தப்பு.

"அவனே ஒத்துக்கினானே மாமா. நமக்கு இன்னா வேல அங்க?"

"தெனம் கழுவற தரைதான?" என்று காசிநாதன் ரங்கம்மாளைக் கேட்டார்.

"ரெண்டு வருசமா தெனம் அவருதான் கழுவறாரு."

"ரெண்டு வருசமா சாவாதவ நேத்து ஏன் செத்தா?" என்றார் காசிநாதன். "வண்டிய எடு மச்சான்."

போகிற வழியில் ஸ்டேஷனில் இறங்கினார்கள். சப்-இன்ஸ்பெக்டருக்குக் காசிநாதனைத் தெரியும். "பதினோரு மணிக்கு நானே மில்லுக்கு வரேன். அதுக்குள்ள எதாச்சும் இருந்தா சொல்லுங்க. இல்லன்னா நான் என் வேலையைப் பாக்கறேன்" என்று ஒரு போலீஸ்காரரை மட்டும் கூட அனுப்பினார்.

மில் வாசலில் புளித்த மாவு வாடை. நேற்று அரைக்காமல் நின்றுபோன கிழங்கு குவியலாகக் கிடந்தது. பிடுங்கி ஒரு நாளில் அரைக்காவிட்டால் மரவள்ளி உள்ளே கருத்துப்போகும். அந்த 2012ஆம் வருஷம் கரண்டு வருவதும் போவதும் அதன் இஷ்டம். கரண்டு இருக்கும்போதே அரைத்துவிட வேண்டும் என்று மில்காரர்கள் பேயாய் அலைந்த காலம்.

தங்கதுரை தன் சாவியால் பூட்டைத் திறந்தார். முப்பத்தைந்து வயசு. என்ஜினீயரிங் படித்துவிட்டு, அப்பா செத்த பிறகு மில்லைப் பார்க்க வந்தவர். அளவாகப் பேசினார்.

"அஞ்ஞானங்க. எவ்ளோ சொன்னாலும் கரண்டுகிட்ட தண்ணி அடிக்கக் கூடாதுன்னு இவங்களுக்குப் புரியாது. அந்தம்மா காரியத்துக்கு எல்லாம் நாந்தான் செஞ்சேன்."

"பூட்டு எப்பலேர்ந்து போட்டிருக்கு?"

"நேத்து ஒம்பது மணிக்கு பாடிய எடுத்துக்கினு போனாங்க. மெயினை ஆப் பண்ணி, போலீசு முன்னாடிதான் பூட்டினேன்."

கூட வந்த போலீஸ்காரர் தலையாட்டினார்.

"வேற சாவி?"

"ஒரே சாவி. எங்கிட்டதான்."

பெட்டி, சுவரிலிருந்து தள்ளி ஒரு மரப் பலகையில் மாட்டியிருந்தது. அதன் பின்பக்கம் முழுக்க அலுமினிய ரெக்கைகள், சீப்புப் பல் மாதிரி வரிசையாக. உள்ளே பிறக்கிற சூடு அந்த ரெக்கை வழியாகக் காற்றில் போக வேண்டும். ஆனால் ரெக்கைகளுக்கு நடுவே சந்தே இல்லை. பறந்து வந்த மாவு ஈரத்தில் ஒட்டிக் காய்ந்து சுவர் பூசினாற்போல் அடைத்துக் கிடந்தது.

மூடியைக் கழற்றினார் காசிநாதன். உள்ளே கருப்பாக ஆறு டிரான்சிஸ்டர்கள், ரெக்கை இருந்த அலுமினியத்தின்மேல் திருகி வைத்திருந்தன. ஐந்தின் அடியில் வெள்ளையாக ஒரு விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தது. ஆறாவதின் அடியில் ஒன்றும் இல்லை.

பிறகு எர்த் கம்பியைப் பார்த்தார். பெட்டியின் உடம்பிலிருந்து பூமிக்குப் போகிற கம்பி. நன்றாகத்தான் மாட்டியிருந்தது. மற்றச் செம்புக் கம்பிகள் எல்லாம் புளிப்புக் காற்றுக்குப் பச்சை பிடித்துக் கிடந்தன. இதன் முனை மட்டும் புதுக் காசு மாதிரி பளபளத்தது. உறையைச் சீவியிருந்த இடம் கோணல்மாணலாக இருந்தது. குறடால் சீவியதில்லை. கத்தியால் சீவியது.

"இந்தப் பெட்டிக்குள்ள வெள்ளையா வில்லை மாதிரி ஒண்ணு இருக்குமே, பாத்திருக்கீங்களா?" என்று தங்கதுரையைக் கேட்டார்.

"நான் இதைத் தொறந்ததே கெடையாதுங்க. ஜில்லுனு ஒரு பீங்கான் துண்டு, அதுக்கு இன்னா வேலைன்னு எலக்ட்ரீசியன் பொன்னுரங்கத்தைத்தான் கேக்கணும். திங்கக்கிழமை அவன்தான் கை வெச்சான்."

"சரிங்க" என்றார் காசிநாதன்.

வெளியே வந்ததும் கொளஞ்சி குசுகுசுத்தான். "மாமா, பொன்னுரங்கம்தான். முடிஞ்சி போச்சி."

"உனக்கு எல்லாம் சீக்கிரம் முடிஞ்சிடும்."

மில்லுக்குப் பின்னால் கூலிக்காரர்களுக்கு ஓடு போட்ட வரிசை வீடுகள். அங்கே பாப்பாத்தி உட்கார்ந்திருந்தாள். செத்துப்போனவளோடு ஒரே தொட்டியில் கிழங்கு கழுவியவள். நேற்றிலிருந்து சாப்பிடாத முகம்.

"அவ இன்னாத்துக்கும்மா பெட்டியைத் தொட்டா?"

"குளிருக்குதாண்ணா." பாப்பாத்தி தன் கைகளைக் காட்டினாள். ஊறி வெளுத்து, தோல் உரிந்திருந்தது. "மார்கழி மாசம், ஆறு மணிக்கெல்லாம் தண்ணிக்குள்ள கைய வுடறோம். வெரலு மரத்துப் பூடும். அந்தப் பெட்டி ரெக்கை கதகதன்னு இருக்கும். பத்து நிமிசத்துக்கு ஒருவாட்டி போயி ரெண்டு கையையும் வெச்சிக்கினு வருவோம். நானுந்தான். எல்லாரும்தான். ரெண்டு வருசமா."

"ஈரக் கையோட?"

"பின்ன காஞ்ச கையிக்கி எதுக்குண்ணா குளிர் காயறது?"

"ஒரு தபாகூட சுருக்குனு அடிச்சதில்ல?"

"எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல. நேத்து தரை கழுவின அப்புறந்தான் மிசினு போட்டாங்க, மொத ஆளா அவதான் போயி கை வெச்சா."

"புதன்கிழமை எதாச்சும் நடந்துதா?"

"மிசினு தானா தானா நின்னுக்கினே இருந்திச்சி. சூடாயிடுச்சின்னு பெட்டியில செவப்பு லைட்டு எரியும். ஆறு மணிக்கி எங்களப் போவச் சொல்லிட்டாங்க. ஏழு மணி இருக்கும், நான் இங்க ஒலை வெச்சிக்கினு இருந்தேன். உள்ள டப்புனு பீஸ் போச்சி. கொஞ்ச நேரம் கழிச்சி மறுக்கா டப்பு. இன்னொருவாட்டி டப்பு. மூணு தபா. அப்புறம் போவல. மிசினு ஓட ஆரமிச்சிடுச்சி."

"அப்ப வேடியப்பன் எங்க?"

"தோ, இந்தக் கட்டில்ல குந்திக்கினு எங்கூட்டுக்காரரோட பேசிக்கினு இருந்தாரு."

"உள்ள யாரு இருந்தது?"

"பாக்கலண்ணா. பொய் சொல்ல மாட்டேன்."

காசிநாதன் கொளஞ்சி பக்கம் திரும்பினார். "மச்சான், பொன்னுரங்கத்தைக் கூட்டிக்கினு வா. வர்ற வழியில ஒரு துண்டு ஐஸ் கட்டி வாங்கிக்கோ."

"ஐசா? இன்னாத்துக்கு மாமா?"

"ஆறிப்போறதுக்குள்ள கொண்டா" என்றார் காசிநாதன். அவருடைய வேடிக்கை அவ்வளவுதான்.

பதினோரு மணிக்கு எல்லாரும் பெட்டிக்கு முன்னால் நின்றார்கள். சப்-இன்ஸ்பெக்டர், தங்கதுரை, பாப்பாத்தி, பொன்னுரங்கம். பொன்னுரங்கம் ஒல்லியான ஆள். கொளஞ்சி ஆட்டோவில் என்ன கேட்டானோ, கொதித்துப்போய் வந்திருந்தான்.

"இவுரு யாருங்க என்ன விசாரிக்க? திங்கக்கிழமை எரிஞ்சுபோன ஒரு டிரான்சிஸ்டரை மாத்தினேன். அடியில புது வில்லை வெச்சேன், பசை தடவினேன், மாட்டினேன், போனேன். புதன்கிழமை எலவனாசூர்கோட்டைல எங்க தங்கச்சி வூட்ல விசேசம். போனை ஆப் பண்ணிட்டேன். அது தப்புன்னா புடிச்சிக்கினு போங்க."

காசிநாதன் கையைக் காட்டி அவனை அமர்த்தினார். கொளஞ்சி ஐஸைக் கீழே வைத்தான். மீன் வண்டியில் வாங்கியது. வாடை அடித்தது. பொன்னுரங்கத்தின் பையிலிருந்து வாங்கிய அதே மாதிரி வெள்ளை வில்லை ஒன்றையும், கழிவறை டைல்ஸில் உடைந்த சில்லு ஒன்றையும் காசிநாதன் சப்-இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்.

"ரெண்டும் பீங்கான் மாதிரிதான் இருக்கு. டைல்ஸ் சில்லை வெரல்ல புடிச்சி ஐசுமேல நிக்க வெச்சி அமுக்குங்க."

அமுக்கினார். சில்லு மேலேயே நின்றது.

"இப்ப வில்லை."

வில்லை, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி ஐஸுக்குள் இறங்கியது. சப்-இன்ஸ்பெக்டர் விரலை உதறிக்கொண்டார். "யோவ், கை சில்லிட்டுப் போச்சு."

"உங்க வெரல் சூட்டை அது வாங்கி ஐசுக்குக் குடுத்திடுச்சி. உலோகம் மாதிரி சூட்டைக் கடத்தும். ஆனா கரண்டை ஒரு துளி வுடாது. அலுமினியம் நைட்ரைடுன்னு பேரு. அதனாலதான் டிரான்சிஸ்டருக்கும் ரெக்கைக்கும் நடுவுல வெக்கறாங்க. டிரான்சிஸ்டர் முதுகுல நானூறு ஐநூறு வோல்ட் நிக்கும். வில்லை சூட்டை மட்டும் ரெக்கைக்கு அனுப்பிட்டு, கரண்டை அங்கயே நிறுத்திடும். இந்தப் பொம்பளைங்க ரெண்டு வருசமா ஈரக் கையோட குளிர் காஞ்சும் சாவாம இருந்தது இதனாலதான். வேடியப்பன் ரெண்டு வருசமா தண்ணி அடிச்சும் ஒண்ணும் ஆவாததும் இதனாலதான். இப்ப உள்ள பாருங்க. ஆறு வில்லையில ஒண்ணைக் காணோம்."

"பாத்தீங்களா, பொன்னுரங்கம்" என்றார் தங்கதுரை.

"இருங்க. வில்லையை எடுத்தவன் கொல்லணும்னு எடுக்கல. பெட்டி சூடாவுது, நின்னு நின்னு போவுது. உள்ள பாத்தான். பீங்கான் இருக்கு. பீங்கான்னா சூட்டைத் தடுக்கும், இதான் சூட்டை அடைச்சிக்கினு இருக்குன்னு நெனச்சான். எடுத்துட்டான். இந்த வில்லையை வாங்கி வெக்கற எலக்ட்ரீசியன் அப்படி நெனக்க மாட்டான். நெசத்துல சூட்டை அடைச்சது வெளியில இருக்கற மாவு. தொடப்பத்தால ரெண்டு தட்டு தட்டியிருந்தா போயிருக்கும். அரை கொறையா தெரிஞ்சவன் செஞ்ச வேல இது. அதுவரைக்கும் நான் மன்னிப்பேன்."

அவர் மெயின் சுவிட்சில் கை வைத்தார். "எல்லாரும் தள்ளி நில்லுங்க."

சுவிட்சைப் போட்டார். டப்பென்று பீஸ் வெடித்தது. சப்-இன்ஸ்பெக்டர் ஓரடி துள்ளினார்.

"வில்லை இல்லன்னா கரண்டு ரெக்கைக்கு வரும். ரெக்கைலேர்ந்து எர்த் கம்பி வழியா பூமிக்குப் பாயும். ஒடனே பீஸ் போவும். எர்த் கம்பி இருக்கறதே அதுக்குத்தான். இப்ப மாட்டியிருக்கு, அதனால ஒரு நிமிசம்கூட ஓடல. புதன்கிழமை மூணு தபா பீஸ் போனது பாப்பாத்திக்குக் கேட்டிருக்கு. அப்புறம் ஏன் போவல? நேத்து காலையில மிசினு போட்ட அப்புறம் ஏன் போவல?"

கொளஞ்சிதான் மெதுவாகச் சொன்னான். "எர்த்தைப் புடுங்கிட்டான்."

"முதல் தடவையா சரியா சொன்ன மச்சான். மூணு தபா பெட்டி கத்திச்சி. அது வாயை அடைக்கறதுக்கு எர்த்தை அறுத்துட்டான். அப்புறம் கரண்டு போவ வழியில்லாம ரெக்கையிலேயே நின்னுது, ஈரக் கை பட்டதும் அவ ஒடம்பு வழியா பாஞ்சிடுச்சி. சார், வில்லையை எடுத்தது தெரியாமை. எர்த்தை அறுத்தது தெரியாமை இல்ல. இப்ப அந்த எர்த் மாட்டியிருக்குதே. எப்ப மாட்டினது? சாவுக்கு முன்னாடி மாட்டியிருந்தா மிசினு ஓடியிருக்காது, அந்தம்மா செத்திருக்க மாட்டா. அப்ப செத்த அப்புறம்தான். ஒம்பது மணி வரைக்கும் பிணத்தைச் சுத்தி ஊரே நின்னுக்கினு இருந்துது. ஒம்பதுக்குப் பூட்டு. வேடியப்பன் லாக்கப்புல. பொன்னுரங்கத்துக்கிட்ட சாவி இல்ல. சாவி ஒண்ணுதான்னு இவரே சொன்னாரு. நீங்களும் விசாரணை நடக்கற எடத்தைப் பூட்டி, சாவியை அவரு கையிலேயே குடுத்துட்டு வந்துட்டீங்க."

சப்-இன்ஸ்பெக்டர் வேறு பக்கம் பார்த்தார்.

"இன்னொண்ணு. வில்லையை நான் காட்டறதுக்கு முன்னாடி, வெள்ளையா ஒண்ணு பாத்தீங்களான்னுதான் கேட்டேன். ஜில்லுனு ஒரு பீங்கான் துண்டுன்னாரு. பீங்கான்னு யார் வேணா யூகிக்கலாம். ஜில்லுனு இருக்கும்னு கண்ணுக்குத் தெரியாது. வெரலுக்குத்தான் தெரியும்."

தங்கதுரை கிழங்குக் குவியலைப் பார்த்துக்கொண்டு பேசினார். குரல் உயரவில்லை. "ரெண்டு லோடு கெடந்துது. அப்ப வுட்டா மறுபடி எப்ப கரண்டு இருக்கும்னு தெரியாது. பொன்னுரங்கம் போன் ஆப்ல இருந்துது. விடிஞ்சதும் சரி பண்ணிக்கலாம்னு இருந்தேன். தூங்கிட்டேன். அங்க வந்து கை வைப்பாங்கன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

பாப்பாத்தி அவருக்கு நேராக வந்தாள். முதலாளியை அதுவரை ஒருமையில் பேசாதவள்.

"தெரியும். தெனம் காலையில இந்த வழியாதான போவ? 'இன்னா சாலம்மா, குளிர் காயறியா'ன்னு சிரிச்சிக்கினே கேப்பியே. அவளும் 'ஆமாம் தம்பி'ன்னுவாளே. உனக்கு எப்படித் தெரியாம போச்சி?"

தங்கதுரை போனை எடுத்து வக்கீலைக் கூப்பிட்டார்.

பன்னிரண்டரைக்கு ஸ்டேஷனில் வேடியப்பனை லாக்கப்பிலிருந்து வெளியே விட்டார்கள். காசிநாதன் அவனை உட்காரவைத்து, வில்லை, எர்த், பீஸ் எல்லாம் இன்னொரு தடவை பொறுமையாகச் சொன்னார். வேடியப்பன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"அப்ப நான் தண்ணி அடிச்சதால இல்லீங்களா?"

"இல்ல."

"நாந்தான் சாவடிச்சேன்னு அவ புருசன் முனியன் கால்ல வுழுந்தேன். ஏறி மிதிச்சான். மிதிக்கட்டும்னு கெடந்தேன்." எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டான். "போலாமா?"

சப்-இன்ஸ்பெக்டர் ஒரு தாளை எடுத்து வந்தார். மூன்று பக்கம் எழுதியிருந்தது. "நீ போவலாம்ப்பா. ஆனா கேசு நிக்கணும்னா சாட்சி வேணும். தரையை எப்படிக் கழுவின, அவங்க தெனம் கை வெச்சது முதலாளிக்குத் தெரியும், எல்லாம் நீ சொல்ற மாதிரி எழுதியிருக்கேன். பாப்பாத்தி கையெழுத்துப் போட்டுட்டா. ஒத்த சாட்சின்னா அவங்க வக்கீல் ஒடைச்சிடுவான். ஒரு கைநாட்டு வை."

வேடியப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வைடா. உனக்கு நல்லதுக்குத்தான் சொல்றாங்க" என்றான் கொளஞ்சி.

காசிநாதன் தாளை வாங்கி முழுக்கப் படித்துப் பார்த்தார். ஒரு பொய் இல்லை. பிறகு வேடியப்பன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு எழுத்து விடாமல் நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினார். மூன்று பக்கத்துக்கும் கால்மணி நேரம் ஆயிற்று. ரங்கம்மாளும் சுவரோரம் நின்று கேட்டாள்.

"இதான் எழுதியிருக்கு வேடியப்பா. சாலம்மாளுக்கு நடந்ததுதான். வை."

வேடியப்பன் அவர் முகத்தைப் பார்த்தான். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை.

"நேத்தும் இப்பிடித்தாங்கய்யா ஒக்கார வெச்சி படிச்சிக் காமிச்சாங்க. நயமா பேசினாங்க. நீ ஒண்ணும் பண்ணலன்னு எழுதியிருக்குதுடா, வைடான்னாங்க. வெச்சேன். அப்புறம்தான் லாக்கப்புல போட்டாங்க."

சப்-இன்ஸ்பெக்டர் மேஜையில் எதையோ தேடினார். காசிநாதன் எவன் பேச்சையும் பாதிக்கு மேல் நம்பாத ஆள். தன் பேச்சை மட்டும் இவன் முழுசாக நம்ப வேண்டும் என்று எப்படிச் சொல்வது? தாளை மேஜைமேல் வைத்தார்.

மலைமேல் அவர்கள் ஊர்ப் பக்கம், வெள்ளிமலைக்கு இரண்டு மணி பஸ். புருஷனும் பெஞ்சாதியும் ஸ்டேஷன் படியில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள்.